தகப்பன் பெயர்

மீனலோசனி ஆச்சியின் போன் வந்தபோது கோட்டைச்சாமி காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். குதிரைக் குட்டி விடிகாலையில் பிறந்துவிட்டது, ஆனால் ஏதோ சரியில்லை, அண்ணன் ஒரு நடை வந்து பார்த்தால் நல்லது என்று ஆச்சி சொன்னார். என்ன சரியில்லை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

எழுபத்தொரு வயதில் அவர் இதுவரை கஞ்சி போட்ட வேட்டி இல்லாமல் இன்னொரு வீட்டு வாசலை மிதித்ததில்லை. அன்றைக்கும் வேட்டியை மாற்றிக்கொண்டு, துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் காரில் ஏறினார். காளையார்கோவிலிலிருந்து வலையபட்டிக்கு, ஆச்சி வீட்டுக்கு விடச் சொன்னார்.

ஆச்சியின் வீடு இரண்டு தெருவுக்கு நீளும் வீடு. பல வருடம் பூட்டிக் கிடந்ததைத் திறந்து, வெள்ளையடித்து, ஓட்டலாக ஆக்கியிருந்தார். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு குதிரை வண்டி வேண்டும் என்று ஆச்சி நினைத்தபோது, முதலில் கேட்டது கோட்டைச்சாமியைத்தான். இரண்டு வீட்டுக்கும் மூன்று தலைமுறைப் பழக்கம். லேசில் அவர் பெட்டைக் குதிரையை வெளியே கொடுப்பதில்லை. ஆச்சி கேட்டதால், போன வருடம் பங்குனியில், முத்தழகைக் கொடுத்தார்.

கொடுக்கும்போது வீட்டு வழக்கப்படிதான் கொடுத்தார். அவர் லாயத்திலிருந்து ஒரு பெட்டை வெறும் வயிற்றோடு படி தாண்டக் கூடாது. சினையோடுதான் அனுப்ப வேண்டும். பெண்ணைச் சீரோடு அனுப்புவது போல என்று அவருடைய தகப்பனார் சொல்வார். ஆச்சிக்கு வண்டி இழுக்க ஒரு குதிரை போதும், குட்டி வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே கொடுப்பதுதான் கோட்டைச்சாமி வீட்டுப் பெருமை.

ஓட்டலின் பின்கட்டில் கார் நின்ற இடத்தை லாயமாக மாற்றியிருந்தார்கள். குட்டி வைக்கோலில் கிடந்தது. நல்ல செம்பட்டை நிறம். கால்கள் நீளமாக, சுத்தமாக இருந்தன. நெற்றியில் பக்கத்தில் பக்கமாக இரண்டு சுழி, அச்சுக் குத்தியது போல. அந்த இரட்டைச் சுழிக்கு அவர்கள் வீட்டில் சோடிச்சுழி என்று பெயர். சந்தையில் எந்தக் கூட்டத்திலும் அந்தச் சுழியைப் பார்த்து, இது கோட்டைச்சாமி வீட்டுக் குதிரை என்று சொல்லிவிடுவார்கள்.

சுழிக்குக் கீழே இருந்ததைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டு கண்ணும் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தன. மேல்தாடை முன்னே நீண்டு, கீழ்த்தாடை இரண்டு விரல் உள்ளே ஒடுங்கி, கிளியின் மூக்கைப் போல இருந்தது. தாயின் காம்பைப் பிடிக்க அந்த வாயால் முடியாது. குதிரையைப் பார்த்துக்கொள்ளும் கருப்பி தரையில் உட்கார்ந்து, குட்டியின் தலையை மடியில் வைத்து, சீம்பாலைக் கறந்து விரல் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். பாதி பால் அவள் சேலையில் வழிந்திருந்தது.

பார்த்த மாத்திரத்தில் கோட்டைச்சாமிக்குத் தெரிந்துவிட்டது. இதைப் போல அவர் பார்ப்பது இது மூன்றாவது.

ஆச்சி அவர் பக்கத்தில் வந்து நின்றார். அழுது முடித்த முகம். ராத்திரியெல்லாம் தங்கியிருந்த விருந்தாளிகள் குட்டி பிறப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்ததாகவும், பார்த்துவிட்டு ஒருவரும் காலையில் சாப்பிடவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு நேரே கேட்டார்.

"அண்ணே, உங்க லாயத்துல இந்த மாதிரி எப்பவாச்சும் பிறந்திருக்கா?"

சமையல்காரர் அங்கே நின்றார். தோட்டக்காரர் நின்றார். அறை சுத்தம் செய்யும் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"இல்லை ஆச்சி. எங்க லாயத்துல இப்படி ஒண்ணு பிறந்ததில்லை."

"அப்ப இந்தக் கருப்பி குடுத்த கஷாயந்தானா? எட்டாம் மாசம் வயிறு ஊதியிருக்குன்னு என்னத்தையோ இடிச்சு ஊத்தியிருக்கா. என்னைக் கேக்கலை, டாக்டரையும் கேக்கலை. கஷாயத்தால இப்படி ஆகுமா அண்ணே?"

குதிரையைப் பற்றி அந்த வட்டாரத்தில் கோட்டைச்சாமி ஒரு சொல் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அது அவருக்கும் தெரியும். ஆகாது என்று சொன்னால், பிறகு எதனால் என்று ஆச்சி கேட்பார்.

"ஆகலாம்" என்றார்.

கருப்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல ஒரு பார்வை. பிறகு குனிந்து மறுபடியும் பால் விட ஆரம்பித்தாள். முத்தழகோடு அவளை இங்கே அனுப்பி வைத்தவரே கோட்டைச்சாமிதான். அவள் புருஷன் ஏகப்பன் முப்பது வருடம் அவர் லாயத்தில் குதிரை பார்த்தவன். அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. குதிரை அவள் கைக்குப் பழகியது, கூடவே இருக்கட்டும் என்று ஆச்சியிடம் அவர்தான் பரிந்து பேசியிருந்தார்.

ஆச்சி சாப்பிடச் சொன்னார். பசியில்லை என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

மறுநாள் மத்தியானம் மருமகள் ரேணுகா சோறு போட்டுக்கொண்டே செய்தி சொன்னாள். கருப்பியை ஆச்சி அனுப்பிவிட்டாராம். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு முன்னாலேயே பேச்சு ஊருக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஆடு மாடு கன்று போடும் நேரத்தில் எல்லா வீட்டிலும் கூப்பிடுவது கருப்பியைத்தான். குறுக்கே கிடக்கும் கன்றைக்கூடத் திருப்பி எடுத்துவிடுவாள். அன்றைக்குக் காலையில் சதீஷ்குமார் வீட்டுப் பசு கன்று போட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அவளைக் கூப்பிடாமல், மூன்று மைல் தள்ளி ஒருவனைக் கூட்டிவந்தார்களாம்.

"அவ கை பட்டாக் குட்டி கோணிப் பொறக்கும்னு பேசுறாக, மாமா. ஓமமும் சுக்கும் தட்டிப் போட்டுத்தான் குடுத்திருக்கா. அதை எங்கம்மா எனக்கே காச்சிக் குடுத்துச்சு. நான் என்ன கோணிப்போன பிள்ளையா பெத்தேன்?"

கோட்டைச்சாமி இலையை மூடினார். ரசம் இருக்கு மாமா என்று ரேணுகா சொல்லச் சொல்ல எழுந்துவிட்டார்.

சாயங்காலம் மாட்டு டாக்டர் வெங்கட்ராமனிடமிருந்து போன் வந்தது. பத்து வருடமாக அவர் லாயத்துக்கு வந்து போகும் மனிதர். அளந்து பேசுவார். ஆச்சி வீட்டுக் குட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகவும், இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்றும் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஐயா, குட்டிக்கு அப்பன் அந்தியூர்க் குதிரைன்னு ஆச்சி சொல்றாங்க. உங்க லாயத்துல அந்தியூர்க் குதிரையை நான் பார்த்ததே இல்லையே."

டாக்டரே தொடர்ந்தார்.

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்லை. அது உங்க வீட்டு விஷயம். ஆனா கஷாயத்துல கண்ணு வெளுக்காது, தாடை சுருங்காது. அதை ஆச்சிகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'கோட்டைச்சாமி அண்ணனே ஆகலாம்னுட்டாக'ன்னு முடிச்சுட்டாங்க. உங்க சொல்லுக்கு முன்னால என் படிப்பு நிக்கலை, ஐயா."

வாழ்நாள் முழுக்கக் கேட்க விரும்பிய வார்த்தைதான் அது. தன் சொல் டாக்டர் சொல்லைவிடப் பெரிது என்று ஒரு டாக்டர் வாயாலேயே வருகிறது. கேட்டபோது அவருக்கு உடம்பு கூசியது.

அவர் எழுந்து லாயத்துக்குப் போனார். செம்பன் என்ற ஆண் குதிரை தலையை நீட்டி அவர் துண்டை மோந்து பார்த்தது. பத்தொன்பது வயதாகியும் முதுகு வளையவில்லை. நெற்றியில் அதே சோடிச்சுழி.

அந்தியூர்க் குதிரை என்று ஒன்று இருந்தது உண்மைதான். இருபது வருடத்துக்கு முன் சந்தையிலிருந்து வாங்கி வந்து, செண்பகம் என்ற பெட்டையோடு சேர்த்தார். அதற்குப் பிறந்ததுதான் செம்பன். அந்தியூர்க் குதிரை மறு வருடமே வயிற்று வலியில் செத்துப்போனது. அதற்குப் பிறகு திண்டுக்கல்லிலிருந்து ஒரு பொலிகுதிரையைக் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தார். பிறந்த குட்டி நன்றாகத்தான் இருந்தது, ஓடவும் ஓடியது. நெற்றியில் மட்டும் ஒற்றைச் சுழி. அதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோன அன்று யாரோ ஒருவன், ஐயா வீட்டுக் குதிரைக்கு முகம் மாறிப்போச்சே என்று சிரித்தான். சாதாரணக் கேலி. அவன் அன்றே மறந்திருப்பான். கோட்டைச்சாமி மறக்கவில்லை. இனி வெளிக்குதிரை இந்த லாயத்துக்குள் வராது என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

வெளியே போகாவிட்டால் உள்ளேதான். செம்பனைச் செண்பகத்தோடு சேர்த்தார். செண்பகம் செம்பனைப் பெற்ற தாய். பிறந்தது மரகதம், நெற்றியில் சோடிச்சுழி. மரகதம் வளர்ந்ததும் அதையும் செம்பனோடு சேர்த்தார். பிறந்தது முத்தழகு, மறுபடியும் சோடிச்சுழி. பார்க்கிறவர்கள் அச்சு அசல் என்று சொன்னார்கள். அந்த வார்த்தையிலேயே அவர் மயங்கிப் போனார். ஏகப்பன் மட்டும் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு, இது முறையா ஐயா என்று கேட்டான். நம்ம வீட்டுல அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டுறதில்லையா, சொந்தத்துக்குள்ள என்னடா முறை என்று அவர் அதட்டினார். அத்தை மகளும் பெற்ற மகளும் ஒன்றில்லை என்பது ஏகப்பனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குமேல் அவன் பேசவில்லை.

பந்தயத்தில் வண்டியை விடும் முன் மைக்கில் குதிரையின் வம்ச வழி சொல்வார்கள். கோட்டைச்சாமி வீட்டுக் குதிரை என்றால் ஐந்து தலைமுறை. பூவாயி மகள் பொன்னி, பொன்னி மகள் செண்பகம், செண்பகம் மகள் மரகதம், மரகதம் மகள் முத்தழகு. தாய்வழிதான் சொல்வது வழக்கம். தகப்பன் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்த வழக்கம் அவருக்கு ஒரு நல்ல போர்வையாக இருந்தது.

முத்தழகுக்குப் பிறகு மரகதம் செம்பனிடமிருந்து இன்னும் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் இதே வாய், இதே கண். ஏகப்பன் இரண்டையும் வயல் ஓரத்தில் புதைத்தான். இரண்டாவதைப் புதைத்த அன்று கோட்டைச்சாமி அவனை அய்யனார் முன்னால் நிறுத்தி, சூடத்தைக் கொளுத்தி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அதை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். வயிற்றிலேயே செத்துப் பிறந்ததாக வெளியில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. மரகதத்துக்குத்தான் ஏதோ கோளாறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முத்தழகைச் செம்பனிடம் விட்டார்.

ஆச்சி முத்தழகைக் கூட்டிப்போக வந்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கோ படித்திருக்கிறார், அல்லது யாரோ சொல்லியிருக்கிறார்கள். குட்டிக்கு அப்பன் இதற்கு நெருங்கிய சொந்தம் இல்லையே அண்ணே என்றார். அந்தியூர்க் குதிரை ஆச்சி என்று அவர் சொன்னார். தடுமாறாமல் சொன்னார். இப்போது செம்பனின் முன்னால் நிற்கும்போது அதுதான் அவரைச் சுட்டது. செய்தது சரி என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், செம்பன் என்று சொல்லியிருக்கலாமே. பொய் தயாராக நாக்கில் இருந்தது என்றால், தப்பு என்பதும் எப்போதோ தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் குட்டி செத்துவிட்டது என்று ஆச்சி சொல்லி அனுப்பினார். கருப்பி போன பிறகு அது யார் கையிலும் பால் குடிக்கவில்லையாம்.

அன்று பத்து மணிக்கு அவர் கருப்பி வீட்டுக்குப் போனார். அவள் இருக்கும் தெருவுக்குள் அவர் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. ஏகப்பன் சாவுக்குக்கூட மகனை அனுப்பி மாலை போட்டதோடு சரி. தெருமுனையில் காரை நிறுத்தச் சொல்லி நடந்தார். குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கருப்பி வாசலில் ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நீ ஏன் சொல்லலை?"

"எதை ஐயா?"

"ஏகப்பன் புதைச்சானே, அதை. உனக்குத் தெரியுமா?"

"மம்பட்டியைக் கழுவி வச்சதே நாந்தான் ஐயா." ஆட்டின் கயிற்றை அவள் கையில் சுற்றிக்கொண்டாள். "ஆனா அவரு உங்க முன்னாடி சூடத்தை அணைச்சிட்டு வந்தவரு. மேலுக்கு முடியாமக் கெடந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. ஐயா வீட்டுப் பேச்சு நம்ம வாயிலருந்து வரக் கூடாது புள்ளைன்னாரு. அவரு குடுத்த சத்தியத்தை நான் ஒடைச்சா, போன மனுசனுக்கு என்ன மரியாதை?"

கோட்டைச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வேலைக்காரன் கொடுத்த ஒரு வார்த்தை, அவன் செத்த பிறகும், அவன் பெண்டாட்டியின் பிழைப்பே போகிற நேரத்திலும், இந்த வீட்டில் முறியாமல் இருந்திருக்கிறது. அவர் தன் வார்த்தையை ஆச்சியிடம் ஒரு தடவை, ஊரார் முன்னால் இரண்டு தடவை, கூசாமல் செலவழித்துவிட்டு வந்திருக்கிறார்.

"லாயத்துக்கு வந்துரு தாயி. நாளைக்கே வா. உனக்கு ஒரு குறையும் வராது."

கருப்பி லேசாகச் சிரித்தாள். மரியாதைக் குறைவான சிரிப்பு இல்லை.

"வரலாம் ஐயா. வந்தா என்ன பேசுவாக? கை கெட்டவளை ஐயா மனசு எரங்கிச் சேத்துக்கிட்டாகன்னு பேசுவாக. உங்களுக்கு நல்ல பேரு. எனக்கு அதே பேருதான்."

"பிறகு என்னதான் செய்யச் சொல்ற?"

"நான் என்னத்தைச் சொல்லப் போறேன். சொன்னது நீங்க. எங்குட்டு நின்னு சொன்னீகன்னும் உங்களுக்குத் தெரியும்." அவள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். போகிறவள் திரும்பி, வெயில்ல நிக்காதீக ஐயா என்றாள்.

வலையபட்டிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். வளவு முற்றத்தின் நான்கு பக்கமும் வாழையிலை போட்டு, வெளியூர்க்காரர்கள் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆச்சி அவரைப் பார்த்ததும் எதிரே வந்தார். முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று புரிந்து, உள்ளே வாங்கண்ணே, அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றார்.

"இல்லை ஆச்சி. அன்னைக்குப் பின்கட்டுல நின்னவுகளை மட்டும் இங்குட்டு வரச் சொல்லுங்க."

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். தோட்டக்காரர் வந்தார். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் வந்து தூண் பக்கத்தில் நின்றார்கள். சாப்பிடுகிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

அவர் மேடையில் பேசிப் பழகியவர். கோயில் கூட்டத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் அவர் குரலுக்கு ஒரு கனம் உண்டு. அன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை. பெண்கள் முன்னால் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லப் போகிறோம் என்ற கூச்சம் இருந்தது.

"முத்தழகு வயித்துல இருந்ததுக்கு அப்பன் அந்தியூர்க் குதிரை இல்லை. செம்பன்" என்றார். "முத்தழகுக்கும் அப்பன் செம்பன். முத்தழகோட ஆத்தா மரகதத்துக்கும் செம்பன்தான் அப்பன். மரகதத்தைப் பெத்த செண்பகம் செம்பனுக்கு ஆத்தா. சுழி மாறக் கூடாதுன்னு நாந்தான் சேத்தேன். இதே மாதிரி ரெண்டு குட்டி ஏற்கெனவே எங்க லாயத்துல பிறந்து செத்துப்போச்சு. புதைச்சிட்டு மறைச்சேன். கருப்பி குடுத்த கஷாயத்துல ஒரு குத்தமும் இல்லை. ஆகலாம்னு நான் சொன்னது பொய்."

ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டது காதில் விழுந்தது. அந்த மனிதர் குனிந்து இலையைப் பார்த்தார்.

ஆச்சி சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் கேட்டேனே அண்ணே. உங்ககிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கலை. அது ஒண்ணுதானே கேட்டேன்."

"கேட்டீக."

"நீங்க சொன்னீகன்னு ஒரு ஏழைப் பொம்பளையை வெளியே அனுப்புனேன். எம் பாவம் பாதி, உங்க பாவம் பாதின்னு இதைப் பங்கு வைக்கவா முடியும்?" ஆச்சியின் குரல் உயரவில்லை. "செம்பன் மக வேற எங்கெங்க போயிருக்கு?"

"மூணு வீட்டுக்கு."

"சினையாத்தானே அனுப்பியிருப்பீக. உங்க வீட்டு வழக்கமாச்சே. அவுக யாராச்சும் அப்பன் யாருன்னு கேட்டாகளா?"

"ரெண்டு பேரு கேட்டாக."

"அவுகளுக்கும் அந்தியூர்தானா?"

அவர் தலை குனிந்தார். இதை எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அந்தத் தலை ஒரு வீட்டு வளவில் குனிந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆச்சி டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். கருப்பியைக் கூட்டிவர ஆள் அனுப்பப் போவதில்லை என்றும், அவள் தெருவில் எல்லோரும் பார்க்கத் தானே போய்க் கேட்கப் போவதாகவும், அவள் வர மாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான் என்றும் சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கோட்டைச்சாமியிடம் விடை சொல்லவில்லை. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த அந்த வளவில், சாப்பிடுங்க என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று தலைமுறைப் பழக்கத்தில் அந்த வீட்டிலிருந்து அவர் அப்படித் திரும்பியது அதுவே முதல் தடவை. அது நியாயம் என்றும் அவருக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்குப் போன் போட்டு, செம்பனுக்குக் காயடிக்க வேண்டும், இன்றைக்கே வாருங்கள் என்றார்.

"பத்தொன்பது வயசுக் குதிரைக்கா? மயக்க மருந்துலயே போயிடும், ஐயா."

"இனி அது ஒரு பெட்டைகிட்டப் போகக் கூடாது டாக்டர்."

"விடாம இருங்க. கயிறு உங்க கையிலதானே இருக்கு." என்றார் வெங்கட்ராமன். "தப்பு அதோடது இல்லையே, ஐயா. அதை எதுக்கு வெட்டணும்?"

கோட்டைச்சாமி போனை வைத்தார். கத்தியை எடுத்து ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்று நினைத்தது எவ்வளவு சுலபமான எண்ணம் என்று புரிந்தது. வாயால் செய்ததை வாயாலேதான் தீர்க்க வேண்டும்.

ரேணுகாவை அழைத்து, போனில் இருக்கும் பெயர்களைப் படித்துச் சொல்லச் சொன்னார். கண்ணாடி இருந்தும் எழுத்து அவருக்குத் தெரியவில்லை. அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தாள். வலையபட்டியிலிருந்து செய்தி காருக்கு முன்னால் வந்துவிட்டது. மாமா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன் என்றாள். வேண்டாம் என்றார். சிவகங்கைப் பக்கத்துச் சேவுகப்பெருமாளின் எண்ணை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவருக்குக் கொடுத்த பெட்டைக்கு இது பத்தாவது மாதம்.

மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"ஐயா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் சேவுகப்பெருமாள். குரலெல்லாம் சந்தோஷம். "வயிறு நல்லா எறங்கிருச்சு ஐயா. எம் மக பேருகூட வச்சிட்டா. உங்க வீட்டுச் சுழியோட ஒண்ணு எங்க வாசல்ல நிக்கப் போகுது. சொல்லுங்கய்யா, என்ன விசயம்?"

கோட்டைச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். ரேணுகா அறையை விட்டு வெளியே போகத் திரும்பினாள். இருக்கட்டும் தாயி, நீயும் கேளு என்று அவளைக் கையால் நிறுத்தினார்.

"உக்காந்து கேளுங்க, தம்பி" என்றார். "உங்க பெட்டை வயித்துல இருக்கிறதுக்கு அப்பன் யாருன்னு நீங்க கேட்டீக. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."